டயர் கடைக்காரர் அனுப்பிய லிங்க்

நேற்று மதியம் அலுவலகச் சாப்பாட்டு அறையில் யாரோ நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைக் கொண்டுவந்து சூடுபடுத்திவிட்டார்கள். அறை முழுக்க வாசனை. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு தட்டோடு எழுந்து போனார்கள். நான் என்னை அறியாமல் ஜன்னல் ஓரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அந்த வாசனை இந்த அறைக்குள் வந்தால் அது நீயாகத்தான் இருக்கும் என்று இத்தனை வருடமாகப் பழகிப்போயிருக்கிறது. நாற்காலியில் யாரும் இல்லை. எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

யார் முகம் சுளித்தாலும் நீ டப்பாவை மூடியதில்லை. "பொத்திக்கினு போறவங்க போவட்டும். நான் இன்னா அவங்க தட்டுலயா ஊத்துறேன்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு கரண்டி ஊற்றுவாய். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவள் நீ. நான் கோவில்பட்டியிலிருந்து வேலைக்காக வந்து பருத்திப்பட்டில் ஏரியைப் பார்த்த ஒரு ஃபிளாட்டில் குடியேறியவள். தொழிற்பேட்டையில் நம் அலுவலகம் இருக்கும் கட்டடத்தைக் காட்டி, "எங்க தாத்தா ஊட்டு எருமேட்டு மேல ஏசி போட்டுக்கினு ஒக்காந்து கீறோம்மே" என்று நீ சொன்னது எனக்கு இன்னும் சிரிப்பை வரவழைக்கும். அடுத்தடுத்த மேசை நமக்கு. நான் எழுதும் மென்பொருள் கோடில் தப்பு இருந்தால் என் திரையைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாய்.

ஆனால் உன்னை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தச் சிரிப்பு இல்லை. அந்த வியாழக்கிழமை மத்தியானம்தான் வருகிறது. மழை, மின்சாரம் இல்லாத என் வீடு, நகராமல் நின்ற ஒரு பச்சைக் கோடு.

அன்று நீ அலுவலகத்துக்குத் தாமதமாக வந்தாய். பையைக்கூட இறக்கவில்லை. "தினேஷை போலீஸ்ல இட்டுக்கினு போயிட்டாங்க" என்றாய்.

தினேஷ் உன் தம்பி. கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை அவனுக்கு. குத்தம்பாக்கத்தில் தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக் கடைகளுக்குப் போடும் குட்டியானை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள் விடிந்தும் விடியாத நேரத்தில் நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையைக் கடந்த ஒரு பெரியவரை ஏதோ வண்டி இடித்துவிட்டுப் போயிருந்தது. அவர் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அடிபட்டவர் பக்கத்தில் ஒரு குட்டியானை நின்று கிளம்பியதைத் தூரத்திலிருந்து பார்த்த டீக்கடைக்காரர் ஒருவர் நம்பரைக் குறித்து வைத்திருந்தார். அது தினேஷின் வண்டி நம்பர்.

"நீ கேட்டியா அவன்ட்ட?" என்றேன்.

"கேட்டேன். நீ இட்சியாடான்னேன். இல்லக்கான்னான். நின்னியாடான்னேன். நிக்கவே இல்லக்கா, நேரா பூட்டேன்றான். எந்தம்பிக்கு ஆயிரம் கொயுப்பு கீது. ஆனா எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்."

அன்று காலையிலேயே நீ ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நசரத்பேட்டைக்குப் போயிருந்தாய். சாலையோரக் கடைகளில் கேமரா இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கியிருக்கிறாய். ஒரு டயர் கடை வாசலில் சாலையைப் பார்த்து ஒரு கேமரா இருந்தது. கடைக்காரர் போலீஸிடம் அது வேலை செய்யவில்லை என்று சொல்லியிருந்தார். கோர்ட்டுக்கு அலைய வேண்டிவருமே என்ற பயம். உன்னிடமும் அதையே சொன்னார். நீ நகரவில்லை. பஞ்சர் போட வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க, அங்கேயே நின்றிருக்கிறாய். கடைசியில் அவர் தணிந்த குரலில், "பதிவெல்லாம் கிளவுடுல போய் சேருதும்மா. என் அக்கா பையன் செஞ்சு வச்சது. லிங்க் அனுப்பறேன், நீயே தேடி எடுத்துக்கோ. என் மச்சானுக்குத் தெரிஞ்சா வம்பு. சாயங்காலம் அவர் கடைக்கு வர்றதுக்குள்ள லிங்க்கை எடுத்துருவேன்" என்றாராம்.

அலுவலகக் கணினியில் அந்த மாதிரித் தளங்களைத் திறக்க முடியாது. இரண்டு பேரும் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு என் வீட்டுக்கு வந்தோம். ஆவடி தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்தால் மின்சாரம் இல்லை. மடிக்கணினியில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது. வைஃபை இல்லாததால் உன் போனிலிருந்து நெட் எடுத்தோம். மழையில் அதுவும் வருவதும் போவதுமாக இருந்தது. சிக்னல் நன்றாகக் கிடைக்கட்டும் என்று போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தாய்.

லிங்க்கைத் திறந்ததும் ஒரு கோப்புறை. உள்ளே வரிசையாகக் காணொளிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரப் பதிவு. பெயரிலேயே தேதியும் நேரமும் இருந்தன. அந்தத் தேதியில் காலை ஆறு மணி என்றிருந்ததைச் சொடுக்கினேன். இறங்கத் தொடங்கியது. பாதியில் நெட் அறுந்தது. மறுபடி சொடுக்கினால் முதலிலிருந்து. மறுபடி பாதியில் அறுந்தது. சரி, அங்கேயே ஓடவிட்டுப் பார்ப்போம் என்றால் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

"இது தேறாது. கோடு எய்துவோம்" என்றாய். "எங்க அறுந்துச்சோ அங்கேர்ந்து மிச்சத்த மட்டும் கேக்குற மாதிரி. நீ தட்டு, நான் சொல்றேன்."

நான் நாற்காலியில், நீ எனக்குப் பின்னால் நின்றபடி. லிங்க்கின் நடுவில் இருக்கும் அந்த நீளமான எழுத்துக் கோவைதான் கோப்பின் அடையாளம், அதை மட்டும் உருவி எடு என்றாய். அதை இறக்கும் முகவரியோடு ஒட்டச் சொன்னாய். வருவதைத் துண்டு துண்டாக எழுதி, அறுந்தால் கையில் இருப்பதன் அளவைச் சொல்லி மீதியைக் கேட்கச் சொன்னாய். அவசரத்தில் நான் அடைப்புக்குறிகளைத் தப்பாகப் போட்டேன். நீ ஒரு முறைகூடக் கத்தவில்லை. ஓடவிட்டோம். கண் இமைப்பதற்குள் முடிந்தது என்று வந்தது.

"வந்துட்டுடி" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"இவ்ளோ சீக்கிரமாவா?" நீ குனிந்து பார்த்தாய். "தொறந்து பாரு. தொறந்து பாக்காம வந்துச்சுன்னு சொல்லாதம்மே."

திறந்தேன். ஓடவில்லை. பெயர் காணொளியின் பெயர்தான், ஆனால் கோப்பு நகக்கண் அளவுதான் இருந்தது. அதை எழுத்தாகத் திறந்து பார்த்ததில் உள்ளே இருந்தது ஒரு வலைப்பக்கம். கோப்பு மிகப் பெரியது, வைரஸ் சோதனை செய்ய முடியவில்லை, இருந்தாலும் இறக்க வேண்டுமா என்று கேட்கும் பக்கம். மனிதர் என்றால் ஆம் என்று பொத்தானை அமுக்கியிருப்பார். நம் கோடு அந்தக் கேள்வியையே பதில் என்று நினைத்துச் சேமித்து வைத்திருந்தது.

நீ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு மறுபடி சொல்லத் தொடங்கினாய். அந்தப் பக்கத்தைப் படித்து, அதற்குள் ஒளிந்திருக்கும் சம்மதக் குறியை எடுத்து, அதைச் சேர்த்து இன்னொரு முறை கேள். வருவது வலைப்பக்கமாக இருந்தால் சேமிக்காமல், தப்பு என்று திரையில் கத்தவை. எழுதினேன். இந்த முறை, எவ்வளவு இறங்கியது என்று திரையில் காட்டும் பச்சைக் கோடு மெதுவாக, புழு ஊர்வது மாதிரி ஊர்ந்தது. அறுந்தது. தானாகவே தொடர்ந்தது. மறுபடி அறுந்தது, தொடர்ந்தது. வெளியே ஏரி மழையில் தெரியவில்லை. நீ டீகூட வேண்டாம் என்றாய். உன் அம்மா போன் பண்ணியபடியே இருந்தார். நெட் போய்விடும் என்று ஒவ்வொரு அழைப்பையும் எடுக்காமல் விட்டாய். எடுக்காமல் விடும் ஒவ்வொரு முறையும் உன் உதடு ஏதோ முணுமுணுத்தது.

முழுசாக வந்தது. திறந்தோம், ஓடியது. சாலை, லாரிகள், பேருந்துகள், ஸ்கூட்டர்கள். வேகமாக ஓட்டிப் பார்த்தோம். யாரும் அடிபடவில்லை. கடைசி வரை ஒன்றும் இல்லை.

"நேரத்த மாத்திச் சொல்லிட்டாங்களோ" என்றேன்.

நீ திரையை நிறுத்தச் சொன்னாய். சாலையோரம் போன ஒரு பெண்ணைக் காட்டினாய். "நெழலப் பாரு. காலடியில கீது. இது வெடிகாலம் இல்லம்மே, உச்சி வெயிலு."

கேமரா கோப்புகளுக்கு லண்டன் நேரத்தில் பெயர் வைத்திருந்தது. நம் நேரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால். நமக்கு வேண்டிய விடியற்காலை, அங்கே நள்ளிரவு தாண்டிய கணக்கில் வேறொரு பெயரில் இருந்தது. பட்டியலில் அதைக் கண்டுபிடித்து அடையாளத்தை மாற்றி ஓடவிடும்போது மணி நாலரைக்கு மேல் ஆகிவிட்டது. மடிக்கணினியின் மின்கலம் சிவப்புக்கு வந்துகொண்டிருந்தது.

என் போனை எடுத்து டயர் கடைக்காரரை அழைத்தாய். "அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம்ணா."

அவர் பேசியது எனக்கும் கேட்டது. "மச்சான் வந்துட்டாரும்மா. எதுத்தாப்புல நிக்கறாரு. நான் எடுக்கத்தான் வேணும், கோச்சிக்காத." வைத்துவிட்டார்.

"எடுத்துட்டா நின்னுருமா?" என்றேன்.

"ஓடிக்கினு கீறது ஓடும். ஆனா இப்ப அறுந்தா அவ்ளோதான். திரும்ப கேட்டா குடுக்க மாட்டான்."

நீ ஜன்னலுக்குப் போய், கம்பியில் கட்டியிருந்த போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். பிடித்தால் சிக்னல் நிற்காது என்று உனக்குத் தெரியாதா? இருந்தும் பிடித்துக்கொண்டாய். சாரல் உன் முகத்தில் அடித்தது. நான் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரிடத்தில் அது நின்றது. பிறகு நகர்ந்தது.

முடிந்தது என்று வந்ததும் நான் வாயைத் திறக்கவில்லை. கோப்பைத் திறந்தேன். ஓடியது. அப்போதுதான், "வந்துட்டு" என்றேன். சோதித்துப் பார்ப்பதற்காக அதே லிங்க்கை இன்னொரு முறை திறந்தோம். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது.

நீ என் பின்னால் வந்து நின்று, என் இடது தோளில் கை வைத்தாய்.

வானம் சாம்பலாக இருந்தது. பெரியவர் கையில் ஒரு பையோடு சாலையைக் கடந்தார். ஒரு டிப்பர் லாரி வந்தது. அதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. லாரி நிற்கவில்லை. அதன் பின்பக்க நம்பர், கடை விளக்கின் வெளிச்சத்தில், நிறுத்திப் பார்த்தால் படிக்கும்படி இருந்தது.

"லாரி" என்றாய். "பாத்தியா, லாரிம்மே. எந்தம்பி இல்ல." உன் கண்ணீர் என் தலையில் விழுந்தது. நான் நிறுத்தப் போனேன். "இரு. ஓடட்டும்" என்றாய்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வந்து நின்றது. தினேஷ் இறங்கினான். ஓடிவந்து குனிந்தான். பெரியவரின் அக்குளுக்குள் கைகொடுத்துச் சாலையோரத்துக்கு இழுத்தான். கிடத்தினான். பெரியவரின் கை மெல்ல எழுந்து அவன் சட்டையைப் பிடித்தது. தினேஷ் சுற்றும் முற்றும் பார்த்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டான். ஓடிப்போய் வண்டியில் ஏறினான். வண்டி போய்விட்டது.

உன் விரல்கள் என் தோளில் இறுகின. வலித்தது. நான் அசையவில்லை. பெரியவர் தனியாகக் கிடந்தார். படம் ஓடிக்கொண்டே இருந்தது.

"நிக்கவே இல்லன்னான்" என்றாய்.

மறுநாள் பூந்தமல்லியில் வக்கீல் அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "லாரி போற வரைக்கும் வெட்டிக் குடுங்க, அது போதும். மீதியைக் குடுத்தா, உயிரோட கிடந்தவரை விட்டுட்டு ஓடினான்னு வேற பேச்சு வரும். எதுக்கு வம்பு?" அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. உன் அம்மாவும் உன் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். ஸ்டேஷனில் தினேஷைப் பார்க்க விட்டபோது நானும் உன்னோடு வந்தேன். நீ பார்த்ததைச் சொன்னாய். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பயந்துட்டேன்க்கா. என் தலைல கட்டிருவாங்கன்னு. அத்த மட்டும் வெட்டிருக்கா. உன் கால்ல வுயறேன்."

"நீ எறங்குனதும் அதுல கீது, ஏறுனதும் கீது" என்றாய். "எதையும் வெட்ட மாட்டேன். அந்த ஆளு இன்னும் கண்ணு முயிக்கலடா."

அன்று நீ உன் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கோப்பை முழுசாகக் கொடுத்தாய். இன்ஸ்பெக்டர் அதை இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். தினேஷை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். லாரியை ஒரு ஜல்லிக் கிடங்கில் கண்டுபிடித்தார்கள். ஓட்டியவன் ஒப்புக்கொண்டான். அதற்குப் பிறகு டயர் கடைக்காரரும் தானே வந்து, கேமரா என்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தார்.

தினேஷை வெளியே விட்ட அன்று, வீட்டில் ஆரத்தி கரைத்து வைத்திருப்பதாக உன் அம்மா போனில் சொன்னார். நீ அவனை ஸ்கூட்டியில் ஏற்றி நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நான் ஆட்டோவில் பின்னாலேயே வந்தேன். பெரியவருக்கு அதற்குள் நினைவு திரும்பி, வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவருடைய மகள் வாசலில் நின்றிருந்தார். நீ சுற்றி வளைக்காமல், "அன்னைக்கு உங்க அப்பாவ ஓரமா இய்த்து உட்டுட்டு போனது எந்தம்பி" என்றாய்.

அந்த மகள் தினேஷை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு புள்ள சட்டைய புட்சேன், கைய எடுத்துட்டு பூட்டான்னு அப்பா சொல்லிக்கினே இருந்தாரு. மயக்கத்துல ஒளர்றாருன்னு நெனச்சோம்" என்றார். வழிவிட்டு நகர்ந்தாரே தவிர, வா என்று சொல்லவில்லை.

தினேஷ் கட்டில் பக்கத்தில் போய்த் தலைகுனிந்து நின்றான். பெரியவர் அவனைப் பார்த்தார். "நீ இய்த்துப் போடலன்னா பின்னாடி வந்த வண்டி என் மேல ஏறியிருக்கும்" என்றார். பிறகு, "ஆனா கைய எடுத்துட்டியேப்பா" என்றார். அவன் அந்தக் கட்டில் சட்டத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நாம் வெளியே வந்துவிட்டோம். தாழ்வாரத்தில் நீ சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாய்.

அதன் பிறகு அவன் உன்னோடு பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் ஒரு தீபாவளியும் ஒரு பொங்கலும் பேச்சில்லாமல் போயின. "நான் செய்தது சரியா" என்று நீ என்னிடம் ஒரு முறையும் கேட்டதில்லை. ஆனால் சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, "இன்னிக்கும் மூஞ்ச திருப்பிக்கினான்" என்பாய். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பெரியவர் கோல் ஊன்றி நடக்கத் தொடங்கிய பிறகு, தினேஷ் வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய்வருவது உனக்கு வெகுநாள் கழித்து, அதுவும் அந்த மகள் சொல்லித்தான் தெரியவந்தது. அன்று மாலை நீ எனக்குப் போன் பண்ணி, அதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

காய்ச்சல் என்றுதான் நீ விடுப்பு எடுத்தாய். இரத்தத்தில் தட்டணு குறைகிறது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தபோது உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது தினேஷ்தான். "கொட்டைய எடுத்துட்டு குடுடா, சோம்பேறி" என்று நீ அவனைத் திட்டினாய். அவன் எடுத்துக் கொடுத்தான். நான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அதுதான் நான் உன்னை உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

உன் காரியம் முடிந்து பல நாள் கழித்து தினேஷ் பருத்திப்பட்டுக்கு வந்தான். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த வீடியோ உங்ககிட்ட கீதாக்கா?"

அழித்துவிடச் சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். "இருக்கு" என்றேன்.

"பத்திரமா வச்சிக்கோங்க. என் போன்ல வச்சா என்னைக்காச்சும் அழிச்சிருவேன். எம்பொண்ணு பெருசானதும் கேப்பேன், குடுங்க. முய்சா காட்டணும் அவளுக்கு. அவ அத்தை யாருன்னு அவளுக்கு எப்டி சொல்றதுன்னு எனக்குத் தெரியல. அந்த வீடியோ ஒண்ணுதான் கீது."

இந்த மாதம் மடிக்கணினியை மாற்றினேன். பழையதிலிருந்து எல்லாவற்றையும் புதியதற்குக் கொண்டுவந்த பிறகு, அந்தக் கோப்பை மட்டும் தனியாகத் திறந்து, முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டுப் பார்த்தேன். பெரியவர் கடக்கிறார். லாரி போகிறது. உன் தம்பி இறங்குகிறான், இழுக்கிறான், விரல்களைப் பிரிக்கிறான். அவன் வண்டியில் ஏறும்போது என் இடது தோள் தானாக இறுகுகிறது. நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ கையை எடுக்கும்வரை.